முதல்ல ஷட்டர், அப்புறம் திட்டு

செய்தி வந்தபோது நான் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் காவிரிப் பாலத்தின் நடுவில் இருந்தேன். கூப்பிட்டவர் செல்வம் சார், எங்கள் முதலாளி. மருங்காபுரிக்காரர். போனில் பேசினால் ஊருக்கே கேட்கும். அன்று குரலே எழும்பவில்லை.

"ஜானகி, நம்ம பாய் போயிட்டாருங்க. காலைல நெஞ்சு வலிக்குதுன்னு புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. ஒண்ணும் பண்ண முடியலையாம்."

"எந்த பாய்?" என்று கேட்டேன். எங்கள் ஆபீசில் இருந்ததே ஒரு பாய்தான்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் எங்களுக்குள் ஒரு சண்டை பாதியில் நின்றிருந்தது. அவர் செய்து வைத்திருந்த காவல் புரோகிராமை நிறுத்திவிட்டு, கடையில் கிடைக்கிற ஒன்றை வாங்கிப் போட்டுவிடலாம் என்பது என் கட்சி. கூடவே கூடாது என்பது அவர் கட்சி. செருப்பை மாட்டிக்கொண்டே, "மிச்சத்தை நாளைக்கு வச்சுக்கலாம் மாமி" என்று சொல்லிப் படி இறங்கிய மனுஷர், இப்படியா வராமல் இருப்பது?

"இனிமே நம்ம சைட்டையெல்லாம் யாருங்க பாத்துக்குவா?" என்றார் செல்வம் சார், மறுமுனையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. துக்கத்தில் தொழிலைப் பேசுகிறாரே என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தத் தளங்களில் யார் யாருடைய ஆதார் நகலும் ரத்தப் பரிசோதனை முடிவும் கிடக்கின்றன என்பது எங்களுக்குத்தான் தெரியும். பஸ் பாலத்தைத் தாண்டும் வரை எனக்கும் அதே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது.

இத்ரீஸ் பாயைத் தெரிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். திருச்சியில் இணையதளம் செய்து பிழைக்கிற நம்மில் அவரிடம் திட்டு வாங்காதவர் யார்? அடுத்தவர் செய்த தளமாக இருந்தாலும் ஓட்டை தெரிந்தால் போன் போட்டுத் திட்டுவார். அது முடிந்ததும் எப்படி அடைப்பது என்று அரை மணி நேரம் சொல்லிக்கொடுப்பார். கடைசியில், "டீ குடிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பார்.

அவர் தென்னூரிலேயே பிறந்தவர். கொஞ்ச காலம் சார்ஜாவில் சர்வர்கள் இருக்கிற அறையில் வேலை பார்த்தார். "வெளிய வெயிலு, உள்ள ஐஸ் பெட்டி, நமக்கு ரெண்டும் ஆகலை" என்று சொல்லித் திரும்பிவிட்டார். தென்னூரில் ஒரு செருப்புக்கடை மாடியில் இருக்கிறது எங்கள் ஆபீஸ். அங்கே அவர் சேர்ந்த முதல் நாளே செல்வம் சாரின் வண்டவாளம் தெருவுக்கு வந்தது.

செல்வம் சார் எதையும் அழிக்க மாட்டார். சுற்றாத ஃபேனைக்கூடத் துடைத்து மேலே வைப்பார். ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் ஒரு கோப்பைத் திருத்த வேண்டுமென்றால், முதலில் அதற்கு ஒரு நகல் எடுத்துப் பக்கத்திலேயே வைப்பார். பெயரின் கடைசியில் ஆங்கில எழுத்தில் ‘பழசு’ என்று சேர்ப்பார். மறுபடி திருத்தினால் பழையதற்கு ‘ரொம்பப் பழசு’ என்று பதவி உயர்வு. நானும் அதைத்தான் பழகியிருந்தேன்.

இன்னொரு பழக்கமும் எங்களுக்கு உண்டு. காகிதத்தில் எழுதத் தொடங்கும்போது போடுவது போலவே புரோகிராமின் முதல் வரியிலும் போடுவோம். செல்வம் சார் பிள்ளையார் சுழி, ‘உ’. நான் ‘ஸ்ரீ:’. அப்பா கற்றுக்கொடுத்தது, கை தானாகப் போடும். பாய் வந்த பிறகு அவருடைய கோப்புகளில் ‘786’, பிஸ்மில்லாவுக்குப் பதில் எழுதுகிற எண். கம்ப்யூட்டர் அந்த வரியைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும்படி முன்னால் ஒரு குறி இருக்கும். அதனால் யாருக்கும் தொந்தரவில்லை.

பாய் சேர்ந்த அந்த முதல் நாள் டீக்கடையில் மூவரும் நின்றிருந்தோம். செல்வம் சார் காலையில் ‘பழசு’ போடுவதைப் பாய் ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறார் போல. தன் போனில் ஒரு வாடிக்கையாளரின் தள முகவரியை அடித்து, கடைசியில் அந்த வார்த்தையைச் சேர்த்தார். அவ்வளவுதான், மொத்த புரோகிராமும் திரையில் வந்து விழுந்தது. உச்சியில் அழகாக ஒரு ‘உ’.

"அடி சக்கை!" என்று அவர் கத்திய கத்தலில் டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார். "செல்வம், உங்க பிள்ளையார் சுழி நடுரோட்ல நிக்குது பாருங்க!"

"அது எப்படிங்க பாய்? அது உள்ள இருக்கற ஃபைலாச்சே!"

"சர்வருக்குப் பேரோட வாலுதாங்க கணக்கு. தெரிஞ்ச வாலுன்னா புரோகிராமை ஓட்டிப் பாத்து விடையை மட்டும் வெளிய குடுக்கும். தெரியாத வாலுன்னா, நமக்கென்னன்னு அப்படியே தூக்கிக் குடுத்துடும். பழசுன்னு ஒரு வாலை அது எந்த ஊர்ல பாத்துச்சு?"

செல்வம் சாருக்கு இன்னும் பிடிபடவில்லை. நாலு வரி படித்தால் போச்சு என்றுதான் நினைத்தார். பாய் திரையை விரலால் தள்ளி, நடுவில் ஓரிடத்தில் நிறுத்திக் காட்டினார். வாடிக்கையாளர் விவரமெல்லாம் இருக்கிற கிடங்கைத் திறக்கும் கடவுச்சொல் அங்கே பளிச்சென்று இருந்தது.

"சாப்பிட வந்தவங்களுக்குத் தோசையைக் குடுங்க செல்வம். கல்லாச் சாவியையும் சேத்துக் குடுக்காதீங்க" என்றார். செல்வம் சார் டீயை வைத்துவிட்டு மாடிப்படியில் ஓடினார். பாய் அந்த டீயையும் எடுத்துக் குடித்துவிட்டு, "என்னா சந்தோஷம் தெரியுமா மாமி!" என்றார். எனக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை. யார் மாமி என்று அங்கேயே ஒரு சண்டை போட்டேன். அதற்கப்புறம் அவர் என்னை வேறு பெயரில் கூப்பிட்டதே இல்லை.

தப்பைக் கண்டுபிடித்தால் முகம் சுருங்குகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். இவருக்கு முகம் மலரும், எழுந்து நின்று கை தட்டுவார். ஒருமுறை எரிச்சலாகி, "இதுல என்ன பாய் கொண்டாட்டம்?" என்று கேட்டேன். "நம்ம கையில மாட்டுச்சுல்ல? வேற ஒருத்தன் கையில மாட்டியிருந்தா இந்நேரம் அவன்ல கை தட்டிக்கிட்டு இருப்பான்!" என்றார்.

‘பழசு’க்குத் தடை போட வேண்டும் என்றேன் நான். முதல் வரிச் சமாச்சாரமெல்லாம் வேண்டாம், கோவிலா குளமா இது என்றும் சொன்னேன். பாய் தலையை ஆட்டினார். "தடை போட்டா இவரு ஒளிச்சு வச்சுப் பண்ணுவாரு. பழக்கம் போகாது மாமி. சுழி இருக்கட்டும், அதுதான் நமக்குக் காவல்." எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். அந்த முதல் வரி வெளியாளுக்கு ஒருநாளும் தெரியக் கூடாத வரி. அது வெளியே தெரிகிறது என்றால் புரோகிராம் முழுக்க வெளியே கிடக்கிறது என்று அர்த்தம். எனவே வெளியிலிருந்து யாராவது போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தால் போதும்.

அந்த யாராவது, எங்கள் ஆபீஸ் மூலையில் கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டர். ஊர் பேர் தெரியாத ஆள் மாதிரி அது எங்கள் தளங்கள் ஒவ்வொன்றின் வாசலுக்கும் போகும். எல்லாக் கதவையும் தட்டும். பெயருக்குப் பின்னால் ‘பழசு’, ‘ரொம்பப் பழசு’ என்று நாங்கள் வைக்கிற வால்களையெல்லாம் ஒட்டிப் பார்க்கும். எங்காவது உ, ஸ்ரீ, 786 மூன்றில் ஒன்று தென்பட்டால் பாயின் போன் அலறும். அலறுவதற்கு அவர் வைத்த சத்தம் அவர் வீட்டுக் குக்கர் விசில், அடுப்படியில் நின்று பதிவு செய்தது.

"மணி அடிச்சா மனுஷன் திரும்பிப் படுப்பான். விசிலடிச்சா எழுந்து ஓடாத ஆளு நம்ம ஊர்ல உண்டா?" என்று கேட்டார்.

இதில் மாட்டிக்கொண்டு முழித்தவர் அவர் மனைவி நசீமாதான். நிஜக் குக்கர் விசிலடித்தால் பாய் போனை எடுக்க ஓடுவார். போன் விசிலடித்தால் நசீமா அடுப்பை அணைக்க ஓடுவார். "எங்க வீட்ல எது வெந்துச்சு, எது வேகலைன்னே தெரிய மாட்டேங்குது ஜானகி" என்று என்னிடம் ஒருநாள் முறையிட்டார். நாங்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஒரு விசில். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள்.

முதலில் அந்தப் புரோகிராம் ஒரு அசடு. தளத்தின் பக்கங்களில் எங்கே 786 இருந்தாலும் கத்தும். ஒருநாள் விசில் ஊதி, சோற்றுக் கையோடு பாய் ஓடிப்போய்ப் பார்த்தால், ஒரு துணிக்கடைத் தளத்தில் புதுச் சேலை, விலை எழுநூற்று எண்பத்தாறு. "மாஷா அல்லாஹ்! மாமி, ஓட்டை இல்ல, சேலை!" என்று அங்கேயே உட்கார்ந்து சிரித்தார். விலையில் ஒரு ரூபாய் கூட்டச் சொல்லலாம் என்றார் செல்வம் சார். ராசியான விலையைக் கெடுக்க மாட்டேன் என்று பாய் புரோகிராமைத் திருத்தினார். அதன்பின் முதல் வரியில் மட்டும்தான் பார்க்கும்.

ஆனால் வைகுண்ட ஏகாதசிக்கு முன்னால் விசில் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

ஸ்ரீரங்கத்தில் ஒரு யாத்ரிகர் விடுதிக்கு அறை முன்பதிவுத் தளம் செய்து கொடுத்திருந்தோம். ஏகாதசி அறைகளுக்குப் பதிவு திறக்கிற காலை. ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த நாட்களில் எங்கள் ஊரில் அறை கிடைப்பது பெருமாளைச் சேவிப்பதை விடக் கஷ்டம். சர்வரை வாடகைக்குத் தருகிற கம்பெனி அன்று பார்த்து எதையோ புதுப்பித்தது. சர்வர் மறுபடி எழுந்தபோது புரோகிராமை ஓட்டுகிற பகுதி மட்டும் எழவில்லை. அப்புறமென்ன, வந்தவர்க்கெல்லாம் அறைப் பட்டியலுக்குப் பதில் புரோகிராமையே எடுத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. உச்சியில் என் ‘ஸ்ரீ:’.

விசில் அடங்குவதற்குள் பாய் ஷட்டரை இறக்கிவிட்டார். ஷட்டர் என்பது அவர் செய்து வைத்திருந்த ஒரு பொத்தான். அமுக்கினால் தளம் முழுக்க மூடி, ‘சற்று நேரத்தில் திறக்கிறோம்’ என்று ஒரு பலகை மட்டும் தெரியும். யாரையும் கேட்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னையும்கூட. அடுத்த நொடி எல்லாப் போனும் அடித்தது.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா பாய்?" செல்வம் சார் கத்தினார். "ஊரே உக்காந்து புக் பண்ணிட்டு இருக்கு. இந்த விடுதிக்காரர் நம்மளை விட்டுட்டார்னா ஆபீசை மூட வேண்டியதுதான்!"

"முதல்ல ஷட்டர், அப்புறம் திட்டு. இப்ப இறக்கிட்டேன், நீங்க திட்டுங்க" என்றார் பாய். கை மட்டும் தட்டச்சை விடவே இல்லை. கடவுச்சொற்களை மாற்றிக்கொண்டிருந்தார்.

விடுதிப் பொறுப்பாளர் என் போனுக்கு வந்துவிட்டார். பெரியவர், எங்கள் வீதிக்காரர். "என்னம்மா இது? பெருமாளைச் சேவிக்க வரவாளுக்கு இடம் இல்லைன்னா அவா எங்கே போவா?" பாய் போனை என் கையிலிருந்து வாங்கினார். "சாமி, அவங்க குடுத்த ஆதாரெல்லாம் வெளிய போச்சுன்னா அப்புறம் அவங்க எங்க போவாங்க? உங்களை நம்பிக் குடுத்தது. கொஞ்சம் பொறுங்க, திறந்து தரேன்." குரலில் பயமும் இல்லை, பணிவுக்கும் குறைவில்லை. பிறகு பெரியவர், "சரி, நீங்க பாருங்கோ" என்றார்.

யார் யார் வந்து போனார்கள் என்று சர்வர் எழுதி வைத்திருக்கும் பதிவைத் திறந்தோம். எங்கிருந்தோ ஒரு ஆள் புரோகிராமை எடுத்திருக்கிறான். எடுத்த கடவுச்சொல்லால் கிடங்கைத் திறக்கவும் பார்த்திருக்கிறான். ஆனால் அவன் சாவியைப் போட்டபோது பூட்டு மாறியிருந்தது. அதைப் படித்ததும் நான் நாற்காலியிலிருந்து குதித்தேன். செல்வம் சார் திட்டிக்கொண்டிருந்ததை மறந்து பாயைக் கட்டிக்கொண்டார். "விடுங்க செல்வம், ஷட்டரை ஏத்தணும்" என்று நெளிந்தார் அவர்.

ஏகாதசி முடிந்ததும் பெரியவர் அக்காரவடிசில் கொடுத்தனுப்பினார், பாய் பெயரைச் சொல்லி. எங்களுக்கும் கொஞ்சம் கிடைத்தது, கொஞ்சமே கொஞ்சம்.

இப்படிப்பட்டவரிடம் போய்த்தான் அந்தக் கடைசி சாயங்காலம், விசிலை நிறுத்துங்கள் என்று சொன்னேன். எனக்கும் நியாயம் இருந்தது. ஊரெல்லாம் வாங்குகிற நல்ல மென்பொருள், ஆயிரம் விதமான ஓட்டையைத் தேடுகிறது. நம் மூலைக் கம்ப்யூட்டர் என்றைக்கு வேண்டுமானாலும் மண்டையைப் போடும். "நீங்களும் ஒருநாள் லீவு எடுக்க வேண்டாமா பாய்?" என்றுகூடக் கேட்டேன். அவர் சிரித்தார். "எல்லாம் சரி மாமி. உங்க சாஃப்ட்வேருக்கு ‘ரொம்பப் பழசு’ தெரியுமா? அது செல்வத்தைப் பாத்திருக்கா?" அதற்கு நான் சொல்லவிருந்த பதில் என்னிடமே நின்றுவிட்டது.

அடக்கம் முடிந்த மறுநாள் தென்னூரில் அவர் வீட்டுக்குப் போனேன். ஆண்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள், செல்வம் சாரும் அங்கேதான். உள்ளே நசீமாவைச் சுற்றிப் பெண்கள். துக்க வீட்டில் அடுப்பு எரியவில்லை, பக்கத்து வீடுகளிலிருந்து சாப்பாடு வந்துகொண்டிருந்தது. நசீமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது விசில் அடித்தது.

எல்லாரும் அடுப்படியைத் திரும்பிப் பார்த்தார்கள். "அடுப்பே பத்த வைக்கலையே" என்றார் ஒரு அம்மா. இரண்டாவது விசில். நசீமாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவர் எழுந்து, ஃபிரிட்ஜ் மேலிருந்த பாயின் போனை எடுத்துத் திறந்து என்னிடம் நீட்டினார்.

புத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் தளம். பாய் ஒருவரே முழுக்க எழுதியது. ஒரு கோப்பின் பெயர், அதன் கடைசியில் ‘பழசு’. கீழே அந்தக் கோப்பின் முதல் வரி: 786.

அவர் எழுதிய வரி. அவரைப் புதைத்த மறுநாள், அவர் வைத்த காவல், அவர் வீட்டுக் குக்கர் சத்தத்தில், அவர் வரியையே கண்டுபிடித்துச் சொல்கிறது. ‘பாய், மாட்டுச்சு!’ என்று கத்தத் தோன்றியது, சத்தியமாக. உள்ளே எத்தனை பேருடைய சர்க்கரை அளவும் எவரெவர் நோயும் இருக்கின்றன என்ற நினைப்பு உடனே வந்தது. அந்தப் போனிலேயே இருந்த ஷட்டரை அமுக்கினேன். பலகை விழுந்தது.

அடுத்தது திட்டு. வாசலுக்குப் போனேன்.

"சார், ‘பழசு’ போட்டீங்களா?"

செல்வம் சார் முகம் வெளுத்தது. "காலைல போட்டேங்க. அந்த சைட்ல பிரச்சனைன்னா கூப்பிடச் சொல்லி பாயோட நம்பர் இருக்குல்ல? யாராவது கூப்பிட்டா அந்த நசீமாப் பிள்ளை எடுத்து எடுத்து, அவரு மவுத்தாயிட்டாருன்னு சொல்லிட்டு இருக்கு. அதான் நம்பரை மாத்தலாம்னு போனேன். பாய் எழுதுனதுங்க ஜானகி. அது மேல என் கையை வச்சு அழிக்க மனசு வரல. ஒரு பழசு எடுத்து வச்சுட்டுத்தான் மாத்துனேன்."

என்னிடம் திட்டு தயாராக இருந்தது, வாய் நிறைய. வாயைத் திறந்தேன், வரவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, செய்தி வந்ததிலிருந்து அழாத அழுகையையெல்லாம் அழுதேன். அவரும் அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே லேப்டாப்பைத் திறந்தோம். கடவுச்சொல்லை மாற்றினோம். பதிவைப் பார்த்தோம். அந்தக் கோப்பைத் தேடி வந்தது ஒரே ஒரு ஆள்தான், எங்கள் ஆபீஸ் மூலைக் கம்ப்யூட்டர். செல்வம் சார் எடுத்த நகலை நான் அழிக்கவில்லை. வெளியாள் யாரும் எட்ட முடியாத என் சொந்த லேப்டாப்புக்கு மாற்றிக்கொண்டு, சர்வரிலிருந்து மட்டும் நீக்கினேன். பிறகு ஷட்டரை ஏற்றினோம். ‘பழசு’ என்ற வாலைத் தேட வேண்டும் என்று நான் வாங்கச் சொன்ன மென்பொருளுக்கு எங்கே தெரிந்திருக்கப்போகிறது? பாதியில் நின்ற சண்டையில் பாயே ஜெயித்துவிட்டார்.

போனைத் திருப்பிக் கொடுக்க உள்ளே போனேன். நசீமா வாங்கவில்லை. "நீங்களே வச்சுக்கங்க ஜானகி. நாளைக்கு நான் அடுப்பு பத்த வைக்கணும். குக்கர் வைக்கணும். அப்பல்லாம் இது பக்கத்துல கிடந்தா, அவரு எழுந்து வரலையேன்னு பாத்துக்கிட்டே இருப்பேன்" என்றார்.

அந்தப் போன் இப்போது ஸ்ரீரங்கத்தில், எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல். மூலைக் கம்ப்யூட்டருக்குப் புது விசிறி வாங்கிப் போட்டிருக்கிறோம், செல்வம் சார் செலவு. 786 என்று தொடங்கும் அந்தக் கோப்பு என்னிடம் இருக்கிறது. அவர் வைத்த ‘மாமி’ என்ற பெயரும் இருக்கிறது, கூப்பிடத்தான் ஆளில்லை.

எங்கள் வீட்டில் விசிலடித்தால் நான் இலையிலிருந்து எழுந்து ஓடுகிறேன். "ஏன்டி இப்படிப் பறக்கறே, அடுப்புல இருக்கறது பருப்புடி!" என்று அம்மா திட்டுகிறாள். முதலில் போனைப் பார்த்துவிட்டு வந்து, அப்புறம் திட்டை வாங்கிக்கொள்கிறேன்.